சொன்னவர் யார்? தேர்தல் விளம்பரமும் தன்மை வினைமுற்றும்

மொழி மன்றத்தின் மேடையில் தேர்தல் சட்டத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம். அமெரிக்க நாட்டில் ஒரு சட்டம், வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் விளம்பரத்தில் தம் வாயால் சொல்லியே ஆகவேண்டும் என்று விதித்த வாக்கியம் அது. தமிழில் அதனை இப்படிச் சொல்லலாம்: "நான் இன்னார், இச்செய்தியை நான் ஏற்கிறேன்."

2002 மார்ச் மாதத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட தேர்தல் பரப்புரைச் சீர்திருத்தச் சட்டத்தில் இவ்விதி இடம்பெற்றது. மெக்கெய்ன், ஃபைன்கோல்ட் என்னும் இரு செனட்டர்களின் பெயரால் அச்சட்டம் அறியப்படுகிறது. வட கரோலினா மாநிலம் 1999ஆம் ஆண்டிலேயே இதனையொத்த ஏற்பாட்டைச் செய்திருந்தது. வானொலி விளம்பரமாயின் வேட்பாளரின் சொந்தக் குரல் ஒலிக்க வேண்டும். தொலைக்காட்சி விளம்பரமாயின் குரலோடு அவர் முகமும் தெரிய வேண்டும். அவர் இசைவு எழுத்து வடிவிலும் நான்கு நொடிக்குக் குறையாமல் திரையில் நிற்க வேண்டும். இவ்விதி பேச்சுரிமைக்கு முரணானதன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

விதியின் உட்கருத்து எளியது. எதிராளியைப் பற்றிய வசையையும் அரைகுறை உண்மையையும் முகந்தெரியாத குரலொன்று சொன்னால் எவருக்கும் கூச்சமில்லை. அதே வசையின் இறுதியில் தாமே தோன்றி "ஏற்கிறேன்" என்று சொல்ல நேர்ந்தால், நாணமுள்ள மனிதர் இரண்டு முறை எண்ணுவார். சட்டம் பொய்யைத் தடுக்கவில்லை. பேசியவரின் நாணத்தை நம்பியது.

ஈண்டு இலக்கண வகுப்பை நினைவுகூர வேண்டுகிறேன். தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்று என்பதை நம் மாணவர்கள் தொடக்கப்பள்ளியிலேயே படிக்கிறார்கள். தமிழ் வினைமுற்று தன் ஈற்றிலேயே பேசுபவரைக் காட்டிக்கொடுத்துவிடும் இயல்புடையது. "ஏற்கிறேன்" என்றால் "நான்" என்று தனியே சொல்லத் தேவையில்லை. "ஏன்" என்னும் விகுதி சொல்லிவிடும். ஆனால் இதே மொழியில் பேசுபவர் ஒளிந்துகொள்ளவும் வேண்டிய அளவு இடமுண்டு. "கூறப்படுகிறது" என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் கூறியவர் காணாமற் போவார். "சொல்கிறார்கள்" என்றால் அந்தப் பலர் எவர் என்று எவரும் கேட்பதில்லை. எல்லாவற்றினும் நுட்பமானது "ஆம்" என்னும் ஓர் அசை. "அவர் பணம் வாங்கினாராம்." வாங்கினார் என்று சொன்னால் நான் பொறுப்பாளி, வாங்கினாராம் என்றால் நான் கேட்டதைச் சொன்னவன் மட்டுமே. ஓரசையில் ஒருவரின் மானத்தைக் கெடுக்கவும் முடிகிறது, கெடுத்தவர் தப்பிக்கவும் முடிகிறது. இன்று கைப்பேசியில் வரும் செய்தியின் மேல் "பகிரப்பட்டது" என்றொரு குறிப்பு இருந்தால், அதுவும் எழுவாய் இல்லாத வாக்கியந்தான். தேர்தல் காலத்து வசைமொழி பெரும்பாலும் இந்த எழுவாயற்ற இலக்கணத்தில்தான் வாழ்கிறது. அமெரிக்கச் சட்டம் செய்தது, படர்க்கையில் ஒளிந்திருந்தவரைத் தன்மைக்கு இழுத்து வந்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றங்கள் சட்டப்படி, தேர்தலைக் குறிக்கும் விளம்பரம், துண்டறிக்கை, சுவரொட்டி எதுவாயினும் அதன் முகப்பில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வழக்கம். 1799இல், பிரெஞ்சுப் புரட்சியின் அச்சத்தில் இருந்த இலண்டன் அரசு, அச்சகத்தார் தம் பெயரைத் தாளில் பொறிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. நோக்கம் கலகக்காரரைப் பிடிப்பது. 1883இல் வந்த தேர்தல் ஊழல் தடுப்புச் சட்டம் அதே கருவியைத் தேர்தல் நேர்மைக்குப் பயன்படுத்தியது. ஒற்றறிவதற்குப் பிறந்த விதி அறத்திற்கு வேலைக்கு அமர்த்தப்பட்டது எனலாம்.

இந்தியாவும் இவ்வழியே சென்றது. அங்கு 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127அ என்னும் பிரிவு 1961இல் சேர்க்கப்பட்டது. வெளியிடுபவர் தாம் இன்னார் என்று கையெழுத்திட்டு, தம்மை அறிந்த இருவரின் சான்றொப்பமும் பெற்று, இரண்டு படிகளை அச்சகத்தாரிடம் தர வேண்டும்; அச்சகத்தார் அதனையும் அச்சிட்ட தாளையும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு முன்சான்று பெறவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது.

நம் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்ட பின், ஒரு வேட்பாளரை உயர்த்தியோ மற்றவரைத் தாழ்த்தியோ விளம்பரத்திற்குச் செலவிட வேண்டுமானால், வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ செலவிட வேண்டும்; பிறர் செய்வதாயின் முகவரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஆகவே இசைவு என்னும் கருத்து நம் சட்டத்திற்குப் புதிதன்று. ஆனால் அந்த இசைவு கோப்புக்குள் கிடக்கிறது. வாக்காளரின் காதுக்கு வருவதில்லை. சுவரொட்டியின் அடியில் பொடியெழுத்தில் நாம் காண்பது அச்சகத்தின் முகவரி. அச்சகத்தார் கூலிக்கு வேலை செய்தவர். அவரை நோக்கியா வாக்காளர் கேள்வி கேட்பார்?

இடையில் ஒன்று. நம் நாட்டில் வேட்பாளர் வைப்புத் தொகையோடு, பரப்புரைப் பொருள்களுக்கென்றும் தனியே ஒரு தொகை கட்டுகிறார்: நாடாளுமன்றத் தொகுதிக்கு 5,000 ரிங்கிட், சட்டமன்றத் தொகுதிக்கு 3,000 ரிங்கிட். வாக்களிப்பு முடிந்தபின் சுவரொட்டிகளையும் பதாகைகளையும் உரிய நாளுக்குள் அகற்றினால் பணம் திரும்பக் கிடைக்கும். கம்பத்தில் தொங்கும் தாளை அகற்றப் பிணைப்பணம் உண்டு. அத்தாளில் இருந்த சொல் மனத்தில் ஒட்டிக்கொண்டால் அதனை அகற்றுவதற்கு எந்தப் பிணையும் இல்லை.

சொன்னவரே சொல்லின் பின்னால் நிற்பது எத்தகையது என்பதற்கு நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. ஈப்போ நகரமே சான்று. டி. ஆர். சீனிவாசகம் பூங்காவுக்குச் சென்று வந்திருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் அப்பெயருக்குரியவரை அறிவர் என்பது எனக்கு ஐயமே. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர். மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர். 1957ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வென்று ஈப்போவின் குரலாக நாடாளுமன்றம் சென்றவர். 1969 மார்ச்சில் மறையும்வரை அப்பணியில் இருந்தார்.

1964ஆம் ஆண்டில் அவர் நாடாளுமன்றத்தில் அன்றைய கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது ஊழல் குற்றம் சாட்டினார். நாடாளுமன்றத்திற்குள் பேசும் பேச்சுக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆம் விதி அந்தக் காப்பைத் தருகிறது. அமைச்சர் சவால் விட்டார்: துணிவிருந்தால் இதே சொல்லை வெளியில் சொல்லிப் பாருங்கள் என்பது அதன் பொருள். சீனிவாசகம் வெளியே வந்தார். பொதுமேடையில் அதே குற்றச்சாட்டைச் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கில் அமைச்சர் தோற்றார். மேல்முறையீட்டிலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. அவர் அமைச்சர் பதவியினின்று விலகினார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் துணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். எனக்கோ அதில் வேறொன்று புலப்படுகிறது. நாடாளுமன்றத்தின் உள்ளே சொன்னபோதும் வெளியே சொன்னபோதும் சொற்பொருள் ஒன்றே, பேசியவரும் ஒருவரே, வேறுபட்டது விலை. உள்ளே அச்சொல்லுக்கு விலையில்லை. வெளியே அதற்கு அவருடைய தொழில், உடைமை, பெயர் எல்லாம் பிணையாயின. மக்கள் அச்சொல்லை எடைபோட்டுப் பார்க்க முடிந்தது அந்தப் பிணையால்தான். விலையில்லாத "ஏற்கிறேன்" வெறும் ஒலி.

அமெரிக்க விதிக்குப் பின்னாளில் நேர்ந்ததும் இதுவே. சில வேட்பாளர்கள் "ஏற்கிறேன்" என்னும் வாக்கியத்தை விளம்பரத்தின் தொடக்கத்திலேயே புன்னகையோடு சொல்லிவிட்டனர். வசை பிறகு வந்தது, வேறொரு குரலில். நாணத்தை நம்பிய விதிக்கு நாணத்தை ஒதுக்கிவைக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. 2010இல் வந்த மற்றொரு தீர்ப்பை அடுத்து வெளியமைப்புகள் வரம்பின்றிச் செலவிடத் தொடங்கின. அவற்றின் விளம்பரத்தில் வேட்பாளர் முகமே தேவையில்லை. கேட்பவர் மனத்தில் நில்லாத அமைப்பின் பெயர் ஒன்று வரும், அவ்வளவே. மேலும் அவ்விதி வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதப்பட்டது, இணையத்திற்கு எழுதப்படவில்லை. கொள்கையைத் தாக்கும் விளம்பரத்தில் இந்த ஏற்புரை இருந்தால் பார்ப்பவர் அதனைக் கூடுதலாக நம்புகிறார்கள் என்று ஆய்வாளர் சிலர் கண்டதும் உண்டு. முத்திரை குத்திய தாளை மெய்யென்று நம்பும் பழக்கம் நமக்கும் புதிதா என்ன?

முத்திரை என்றதும் தோட்டப்புறத்தின் நினைவு வருகிறது. நம் முன்னோர் பலர் இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தபோது, தம்மால் படிக்க இயலாத தாளில் கட்டைவிரல் ரேகை பதித்தே வந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. ஆனால் கைநாட்டு அதன்பின்னும் பல காலம் நீடித்தது. கிராணி படித்துக்காட்டியதுதான் தாளில் உள்ளது என்று நம்பி ரேகை வைத்தார்கள். எழுதியவர் ஒருவர், ஏற்றவர் மற்றொருவர். அந்த ஏற்புக்கு விலை மிகப் பெரிது. ஏற்றவர் தம் உழைப்பால் அதனைக் கொடுத்தார்.

அதே தோட்டத்தில் இன்னொரு வகைத் தாளும் இருந்தது. அதனை மொட்டைக் கடிதம் என்கிறோம். மலாய் மொழியில் அதற்குப் பறக்கும் கடிதம் என்று பொருள்படும் பெயர். பெயரில்லாக் கடிதத்தை இகழ்ந்து பேசுவது நம்மிடையே வழக்கம். அதில் பொறாமையும் வஞ்சமும் மண்டிக்கிடந்ததும் உண்மை. ஆனால் எண்ணிப் பாருங்கள். வீடு தோட்டத்துடையது. வாயில் தோட்டத்துடையது. வெளியார் உள்ளே வரத் துரையின் அனுமதி வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படாவிட்டால் அன்று கூலியில்லை. அப்படிப்பட்ட இடத்தில், எடைபோடுவதில் ஏமாற்று நடக்கிறது என்று எழுதுபவன் தன் பெயரை எழுதினால் என்ன ஆகும்? அவன் பெயரை மறைத்தது கோழைத்தனமன்று. குடும்பத்தின் கூரை அது.

ஆகவே எல்லாரும் எல்லாத் தாளிலும் பெயர் எழுதியே தீரவேண்டும் என்னும் விதியை நான் ஆதரிக்க மாட்டேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மார்கரெட் மெக்கின்டயர் என்ற பெண்மணி 1988இல் பள்ளி வரி ஒன்றை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தார். சிலவற்றில் தம் பெயருக்கு மாறாகப் பெற்றோரும் வரி செலுத்துவோரும் என்று மட்டும் குறித்தார். அதற்காக நூறு டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995இல் அபராதம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெயரின்றிப் பேசும் உரிமை, பெரும்பான்மையின் கொடுமையினின்று எளியவரைக் காப்பது என்று அந்நீதிமன்றம் கருதியது. தனி மனிதரின் தாளுக்கு இக்காப்பைத் தந்த நீதிமன்றமே எட்டாண்டுகள் கழித்து வேட்பாளரின் தொலைக்காட்சி ஏற்புரையை ஏற்றது. முரண்போலத் தோன்றினும் இரண்டும் பொருந்தும். ஒருவர் அதிகாரத்தைப் பற்றி முறையிடுகிறார். மற்றவர் அதிகாரத்தைத் தமக்குக் கேட்கிறார். கேட்பவருக்கே முகம் காட்டும் கடமை.

2018ஆம் ஆண்டு நம் நாட்டில் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம் வந்ததை ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். ஆறாண்டு வரை சிறை, ஐந்து இலட்சம் ரிங்கிட் வரை அபராதம். அடுத்த மாதமே பொதுத்தேர்தல். பின்னர் 2019இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அச்சட்டம் கேட்ட வினா "இது மெய்யா, பொய்யா?" என்பது, அதற்கு விடை தரும் இடத்தில் ஆட்சியிலிருப்போர் அமர்ந்திருந்தனர். "சொன்னவர் யார்?" என்னும் வினா அதனினும் அடக்கமானது. மெய்யும் பொய்யும் பார்க்கும் வேலையை அது வாக்காளரிடமே விட்டுவிடுகிறது. அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

இனி மாணவர்களுக்குரிய பகுதிக்கு வருகிறேன். 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதினர் இந்நாட்டில் வாக்காளர்கள். 2022 நவம்பர் 19 அன்று பேராக் மாநிலத் தேர்தலோடு நடந்த பொதுத்தேர்தல் அவர்களின் முதல் பொதுத்தேர்தல். உங்கள் பாட்டனார் வேட்பாளரைத் தோட்டத்துக் கோயில் திடலில் நேரில் பார்த்திருப்பார். வாக்குறுதி தந்தவரின் முகமும் குரலும் அவருக்குத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியும் போனபின், மக்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறினர். உங்களுக்கு வாக்குறுதி வருவது கைப்பேசித் திரையில். அதில் முகமும் உண்டு, குரலும் உண்டு. ஆனால் அவை அவருடையவைதாமா?

தமிழகத்தில் 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. சனவரியில் டி. ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி செயற்கை நுண்ணறிவால் திரையில் தோன்றி உரையாற்றினார். அடுத்த மாதம், 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலை அ.தி.மு.க. அவருடைய பிறந்தநாளில் அதே முறையில் ஒலிக்கச் செய்தது. பார்த்தவர்களுக்கு இவை செயற்கை என்று தெரியும்; ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. அன்பால் செய்ததாகவும் கொள்ளலாம். ஆனால் இலக்கணம் படித்தவர்கள் ஒரு கணம் நிற்கவேண்டும். "வாழ்த்துகிறேன்" என்னும் தன்மை வினைமுற்று ஒலிக்கிறது. அதற்குரிய "நான்" உலகில் இல்லை. இசைவு தர அவரால் இயலாது, மறுக்கவும் இயலாது. ஓர் ஏற்புரை தேவையென்றால், அத்திரையை இயக்கியவரே வந்து "இச்சொற்களை எழுதியவன் நான்" என்று சொல்லவேண்டும்.

அதே சனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், அதிபர் பைடனின் குரலைப்போலச் செய்த தொலைபேசி அழைப்பு, வாக்களிக்கப் போகவேண்டாம் என்று மக்களிடம் சொன்னது. ஏற்புரையின் இரு உறுப்புகள் குரலும் முகமும். அவ்விரண்டையுமே இயந்திரம் செய்துவிடும் காலத்தில், 2002ஆம் ஆண்டின் விதி தன் கருவிகளை இழந்து நிற்கிறது. பிரிட்டனில் 2023 நவம்பரிலிருந்து இணைய விளம்பரத்திலும் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். சிங்கப்பூர் 2024 அக்டோபரில், வேட்பாளர் பேசாததைப் பேசியதாகக் காட்டும் போலிப் படக்காட்சிகளைத் தேர்தல் காலத்தில் வெளியிடத் தடை செய்தது. நம் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அச்சக முகவரி விதியோ மையும் தாளும் இருந்த உலகுக்கு எழுதப்பட்டது.

புதிய விதி எழுதுவோர் என்னைக் கேட்டால் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. விளம்பரம் எந்த வடிவில் வந்தாலும், அதற்குப் பணம் கொடுத்தவரும் அதனால் வாக்குக் கேட்பவரும் பெயரோடு தோன்றவேண்டும். அந்த ஏற்பு தேர்தலுக்குப் பின் நீதிமன்றத்திலும் அவரைக் கட்டவேண்டும். சீனிவாசகத்தின் சொல்லை அவர் பெயர் கட்டியதுபோல. வாக்குக் கேட்காத, பணம் கொடுக்காத எளிய குடிமகனின் கடிதத்தை இவ்விதி தொடக்கூடாது.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அது இந்த அவையில் இருப்பவர்களுக்கே உரியது. நம் தொகுதிகளில் துண்டறிக்கை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் வருவதுண்டு. வேட்பாளர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால் தமிழ்த் தாளில் உள்ளதை அவரால் படிக்க முடியாது. அவருடைய படத்தின் கீழ், அவர் பெயரால், "செய்வேன்" "தருவேன்" என்று தன்மை ஒருமையில் வாக்குறுதிகள். எழுதியவர் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர். சில வேளைகளில் மலாய்த் தாளில் இல்லாத வாக்குறுதி தமிழ்த் தாளில் முளைக்கும். அங்கு ஆராய்வோம் என்றிருப்பது இங்கு அமைப்போம் என்று வளரும். அன்று படிக்கத் தெரியாத தொழிலாளி கிராணியை நம்பி ரேகை வைத்தார். இன்று படிக்கத் தெரியாத வேட்பாளர் மொழிபெயர்ப்பாளரை நம்பி முகம் வைக்கிறார். ஒரு வேறுபாடு: தாள் பொய்யானால் இழப்பவர் இப்போதும் தோட்டத்திலிருந்து வந்தவரே.

அந்த மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் ஒரு தமிழாசிரியர். அல்லது நாளை இந்த மாணவர்களில் ஒருவர். அத்தகைய வேலை உங்களிடம் வந்தால், தமிழில் எழுதி முடித்தபின் அதனை மீண்டும் மலாயில் வேட்பாளருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். ஒவ்வொரு "வேன்" ஈற்றிலும் நிறுத்தி, "இதை நீங்கள் செய்வீர்களா?" என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்தில் அவ்வரியை அடித்துவிட்டு, எஞ்சியதை அச்சுக்கு அனுப்புங்கள்.